கல்லூரி ஆய்வகத்தில் கம்ப்ரசர்–டர்பைன் சோதனை அமைப்பு நிறுவுவது எப்படி?

பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு டர்போசார்ஜரை (எஞ்சினின் வெளியேறும் வாயுவால் சுழலும் டர்பைன், அதே தண்டிலுள்ள கம்ப்ரசர் வழியே எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் கருவி) மையமாக வைத்துச் சிறிய கம்ப்ரசர்–டர்பைன் சோதனை அமைப்பு ஒன்றை நிறுவ முனையும் இளம் ஆசிரியர்களுக்காகவும் ஆய்வு மாணவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எங்கள் துறையில் இந்த வேலையைச் செய்தபோது, பாடநூலில் உள்ள கோட்பாடு எதுவும் எங்களைத் தடுக்கவில்லை. காற்று போதாமையும் குழாய் நீளமும் கோப்புகளும்தான் மாறிமாறித் தடுத்தன. இவை மூன்றையும் டர்போசார்ஜர் வாங்குவதற்கு முன்பே கணக்கிட்டு முடித்துவிடலாம் என்பதால், கீழுள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள். குறிப்பாக, இயந்திரத்தை முதலில் வாங்கிவிட்டு மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

டர்போசார்ஜரைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் எளிது. ஒரே தண்டில் மையவிலக்குக் கம்ப்ரசரும் ஆரவகை டர்பைனும் இருப்பதால், தனியாக அதிவேக மோட்டாரோ கியர்பெட்டியோ தேவைப்படுவதில்லை. நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுகளைத் தாண்டும் வேகத்துக்கேற்ற தாங்கிகளும், இம்பெல்லர் (கம்ப்ரசரின் சுழலும் சக்கரம்) உடைந்தால் துண்டுகளைத் தடுத்து நிறுத்தும் வகையில் வடிவமைக்கப்பட்ட வெளிக்கூடும் அதனுடனேயே வந்துவிடுகின்றன. அச்சுவகைக் கம்ப்ரசர் அமைப்பு வேண்டுமென்றால் செலவும் இடமும் பல மடங்காகும்; முதல் முயற்சிக்கு அது ஏற்றதல்ல.

1. எதை அளக்கப் போகிறீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

கம்ப்ரசரின் செயல்திறன் வரைபடம் மட்டும் வேண்டுமா, டர்பைனின் திறனும் வேண்டுமா, சர்ஜ் நிலையை (ஓட்டம் மிகக் குறையும்போது காற்று முன்னும் பின்னுமாக அலையும் நிலை) ஆராய வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மூன்றுக்கும் தேவையான கருவிகள் வேறு. வரைபடத்துக்கு மெதுவான, துல்லியமான உணரிகள் போதும். சர்ஜ் ஆய்வுக்கு வினாடிக்குச் சில ஆயிரம் அளவீடுகள் எடுக்கக்கூடிய வேகமான அழுத்த உணரிகள் வேண்டும். டர்பைன் திறனுக்கோ, வெளியேறும் காற்றின் சராசரி வெப்பநிலையை நம்பகமாக அளப்பதே பெரும்பாடு.

இந்த ஒரு பக்கத்தில் உச்ச அழுத்த விகிதம் (கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் அழுத்தத்தை உள்நுழையும் அழுத்தத்தால் வகுத்தது), உச்ச நிறை ஓட்டம், உச்ச வேகம், திறன் கணக்கில் நீங்கள் ஏற்கத் தயாராக இருக்கும் பிழை ஆகிய நான்கு எண்களும் இருக்க வேண்டும். பின்னால் வரும் ஒவ்வொரு விலைப்புள்ளியும் ஒவ்வொரு தொழில்நுட்ப விவரக்குறிப்பும் இந்த நான்கிலிருந்தே பிறக்கின்றன. பணம் வழங்கும் அமைப்பின் நிபுணர் குழு முதலில் கேட்பதும் இவற்றைத்தான்.

2. காற்றுக் கணக்கு

பெரும்பாலான கல்லூரி அமைப்புகள் தடுமாறும் இடம் இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வினாடிக்கு 0.1 கிலோ காற்றை 2 என்ற அழுத்த விகிதத்துக்கு உயர்த்தும் கம்ப்ரசரை எடுத்துக்கொள்ளுங்கள். நுழையும் காற்று 30 டிகிரி செல்சியஸ், ஐசென்ட்ரோபிக் திறன் (இழப்பே இல்லாத அழுத்தலோடு ஒப்பிட்ட திறன்) 70 சதவீதம் என்றால், வெப்பநிலை உயர்வு ஏறத்தாழ 95 டிகிரி. தேவைப்படும் பவர் 9.5 கிலோவாட். இந்த பவரை டர்பைன்தான் தர வேண்டும். வாகன எஞ்சினில் டர்பைனுக்குள் 600 டிகிரி வாயு நுழைவதால், அதே 2 என்ற விகிதத்திலேயே, 0.1 கிலோ ஓட்டத்துக்கு 10 கிலோவாட் கிடைத்துவிடுகிறது. நீங்களோ, காற்று வழங்கத் தனியாக வைக்கும் ஸ்க்ரூ கம்ப்ரசரிலிருந்து (சுழலும் திருகுகளால் காற்றை அழுத்தும் இயந்திரம்) 30 டிகிரி காற்றை அனுப்பப் போகிறீர்கள். டர்பைன் திறன் 65 சதவீதம் என்று வைத்தால், அதே ஓட்டத்தில் கிடைப்பது 3.6 கிலோவாட் மட்டுமே. எஞ்சினில் ஓடிய அதே டர்போசார்ஜர் ஆய்வகத்தில் அந்த வேகத்தை எட்டாமல் நிற்பதற்கு இதுவே காரணம். இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, டர்பைனுக்கு முன்னால் எரிகலன் வைத்து வாயுவைச் சூடாக்குவது. இரண்டாவது, மின்சூடாக்கி மூலம் காற்றை 100 டிகிரி வரை உயர்த்தி, டர்பைனின் அழுத்த விகிதத்தையும் 3 வரை கூட்டுவது. மூன்றாவது, கம்ப்ரசர் வரைபடத்தின் கீழ்ப்பாதியோடு நிறைவடைவது. புதியவர்களுக்கு இரண்டாவது வழியையே பரிந்துரைப்பேன். எரிகலன் என்றால் எரிபொருள் சேமிப்பு, தீத்தடுப்பு அனுமதி, சுடர் கண்காணிப்பு என்று தனியாக ஒரு திட்டமே தொடங்கிவிடும். 100 கிலோவுக்கு மேல் எல்பிஜி சேமிக்க நேர்ந்தால் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் உரிமமும் வேண்டும்.

இரண்டாவது வழியில் 0.1 கிலோ காற்றுக்கு 6.6 கிலோவாட் கிடைக்கும். தாங்கி உராய்வுக்கும் கொஞ்சம் சேர்த்தால், மேற்சொன்ன கம்ப்ரசரை ஓட்ட டர்பைனுக்கு வினாடிக்கு 0.16 கிலோ காற்று தேவை. இது நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.3 கன மீட்டர். விற்பனையாளர்களின் மொழியில் சொன்னால் 290 சிஎஃப்எம் (நிமிடத்துக்குக் கன அடி). 7 பார் ஸ்க்ரூ கம்ப்ரசர் என்றால் 55 கிலோவாட் அளவுள்ளது வேண்டும். சூடாக்கிக்குத் தனியாக 12 கிலோவாட். நீங்கள் தேர்ந்த டர்பைன் இந்த ஓட்டத்தை இந்த அழுத்தத்தில் உள்வாங்குமா என்பதை அதன் தயாரிப்பாளர் தரும் டர்பைன் வரைபடத்தில் சரிபார்த்த பிறகே மேலே செல்லுங்கள்.

விற்பனையாளர் உங்களிடம் 7 பார் இயந்திரத்தையே காட்டுவார், ஏனென்றால் தொழிற்சாலைகள் கேட்பது அதைத்தான். உங்கள் டர்பைனுக்கு வேண்டியதோ 2 பார் மேலழுத்தம் மட்டும். 7 பார் வரை அழுத்திவிட்டு வால்வில் குறைப்பது மின்சாரத்தை வீணாக்குவதாகும். குறைந்த அழுத்த ஸ்க்ரூ இயந்திரங்களுக்கும் விலைப்புள்ளி கேளுங்கள். கோயம்புத்தூரின் எல்ஜி உள்ளிட்ட தயாரிப்பாளர்களிடம் இவ்வகையும் உண்டு. ஆனால், மற்ற ஆய்வகங்களும் இதே காற்றைப் பயன்படுத்தப் போகின்றன என்றால் 7 பார் இயந்திரமே பொருந்தும்.

சிறிய கம்ப்ரசரை வாங்கி, பெரிய தொட்டியில் காற்றைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை எல்லாக் கூட்டங்களிலும் வரும். கணக்கைப் பாருங்கள்: 2 கன மீட்டர் தொட்டியில் அழுத்தம் 4 பார் குறையும்போது வெளிவருவது ஏறத்தாழ 9 கிலோ காற்றுதான். வினாடிக்கு 0.1 கிலோ என்றால் ஒன்றரை நிமிடம் ஓடும். குழாயும் கூடும் ஒரே வெப்பநிலைக்கு வர ஒவ்வொரு புள்ளியிலும் 10 நிமிடமாவது வேண்டும் என்பதால், தொட்டி அழுத்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யுமே தவிர கம்ப்ரசருக்கு மாற்றாகாது. தொட்டி வாங்கும்போது அது ஐஎஸ் 7938 தரத்துக்கு உட்பட்டதா என்று பார்த்து, நீரழுத்தச் சோதனைச் சான்றிதழையும் பாதுகாப்பு வால்வின் சான்றிதழையும் பொருளோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

கடைசியாக ஈரப்பதம். 32 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதமுள்ள சென்னைக் காற்றில், ஒவ்வொரு கிலோவிலும் 24 கிராம் நீராவி இருக்கிறது. வினாடிக்கு 0.1 கிலோ உறிஞ்சினால், மணிக்கு 8 லிட்டருக்கு மேல் தண்ணீர் உங்கள் அமைப்புக்குள் நுழைகிறது. சூடாக்காத காற்று டர்பைனில் 2 என்ற விகிதத்தில் விரிந்தால் வெளியே வரும்போது உறைநிலைக்குக் கீழே 5 டிகிரியிலும், 3 என்ற விகிதத்தில் விரிந்தால் உறைநிலைக்குக் கீழே 23 டிகிரியிலும் இருக்கும். குளிர்விப்பு வகை உலர்த்தி இல்லாமல் ஓட்டினால் டர்பைன் வெளிவாயில் பனி படிந்து, வெப்பநிலை அளவீடுகள் பொருளற்றவையாகிவிடும். உலர்த்தியைப் பட்டியலிலிருந்து நீக்கிச் செலவைக் குறைக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

3. இடமும் குழாய் நீளமும்

நிறை ஓட்டத்தை அளக்க ஆரிஃபிஸ் தகடு (நடுவில் துளையுள்ள தகடு; அதன் இருபுற அழுத்த வேறுபாடு ஓட்டத்தைக் காட்டும்) வைக்கலாம் என்று எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் எவ்வளவு நேர்க்குழாய் வேண்டும் என்பதைத் தரைப்படம் வரையும்போதுதான் கவனிக்கிறார்கள். ஐஎஸ்ஓ 5167 தரத்தின்படி, தகட்டின் துளை விட்டம் குழாய் விட்டத்தில் 0.6 பங்கு என்றால், ஒரே ஒரு வளைவுக்குப் பிறகே குழாய் விட்டத்தைப் போல் 40 மடங்குக்கு மேல் நேர்நீளம் தேவை. 100 மில்லிமீட்டர் குழாய்க்கு அது 4 மீட்டரைத் தாண்டும். விகிதத்தை 0.5 ஆகக் குறைத்தால் ஏறத்தாழ பாதி நீளமே போதும், ஆனால் அழுத்த இழப்பு கூடும். அறை சிறியது என்றால் கம்ப்ரசரின் உள்வாயில் மணிவாய்க் குழல் வைத்து அளப்பது நல்லது. அதற்கு இவ்வளவு நேர்நீளம் தேவையில்லை. உறிஞ்சும் காற்று கதவு இடுக்கிலிருந்தோ மின்விசிறியிலிருந்தோ சுழன்று வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆரிஃபிஸ் தகட்டில் இன்னொரு பொறியும் உண்டு. அழுத்த வேறுபாடு ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், முழு ஓட்டத்தில் 1,260 பாஸ்கல் காட்டும் தகடு, மூன்றில் ஒரு பங்கு ஓட்டத்தில் 140 பாஸ்கல்தான் காட்டும். 2,500 பாஸ்கல் வீச்சில் 0.25 சதவீதத் துல்லியமுள்ள அழுத்த டிரான்ஸ்மிட்டருக்கு (அழுத்தத்தை மின்குறியாக மாற்றும் கருவி) அந்த இடத்தில் ஓட்டத்தின் பிழை மட்டுமே 2 சதவீதத்தைத் தாண்டிவிடும். சர்ஜ் கோட்டுக்கு அருகிலுள்ள புள்ளிகளெல்லாம் இந்தக் குறைந்த ஓட்டத்தில்தான் வருகின்றன. வெவ்வேறு வீச்சுள்ள இரண்டு டிரான்ஸ்மிட்டர்களை இணையாக வைப்பது மலிவான தீர்வு.

ஸ்க்ரூ கம்ப்ரசரைச் சோதனை அறைக்குள் வைக்காதீர்கள். அதன் வெப்பமும் இரைச்சலும் உங்கள் அளவீட்டையும் காதையும் ஒருசேரக் கெடுக்கும். தனிக் கொட்டகை, நல்ல காற்றோட்டம், வடிநீர் வெளியேற வழி ஆகியவை வேண்டும்.

4. மின்சுமைக் கடிதம்

55 கிலோவாட் மோட்டார், சூடாக்கி, உலர்த்தி, எண்ணெய்ப் பம்பு எல்லாம் சேர்ந்து 70 கிலோவாட்டை நெருங்கும். கல்லூரியின் அனுமதிக்கப்பட்ட மின்சுமையில் இதற்கு இடமிருக்கிறதா என்று மின்பராமரிப்புப் பிரிவிடமிருந்து எழுத்துப்பூர்வமாகக் கடிதம் வாங்கிக் கோப்பில் வையுங்கள். வாய்மொழி உறுதி போதாது, ஏனென்றால் இயந்திரம் வந்திறங்கும்போது அந்த அலுவலர் மாறியிருக்கக்கூடும். கூடுதல் சுமை கேட்க வேண்டுமென்றால் அதற்கான வைப்புத்தொகை, கேபிள், சுவிட்ச் பலகை ஆகியவற்றின் செலவு திட்ட மதிப்பீட்டில் இருக்க வேண்டும். ஆராய்ச்சி நிதியில் கட்டட வேலைக்கும் மின்வேலைக்கும் பெரும்பாலும் இடமிருக்காது. அதைக் கல்லூரி நிர்வாகம் ஏற்கும் என்ற ஒப்புதலையும் முன்கூட்டியே பெறுங்கள்.

5. கருவிகள்: பணத்தை எங்கே போடுவது

ஒரே வரியில் சொன்னால், வெப்பநிலையில் போடுங்கள். அழுத்த விகிதம் 1.5 இருக்கும்போது கம்ப்ரசரில் வெப்பநிலை உயர்வு 53 டிகிரி அளவுக்குத்தான் இருக்கும். சாதாரண கே வகைத் தெர்மோகப்பிளின் அனுமதிக்கப்பட்ட பிழை 2.2 டிகிரி, உள்வாயிலும் வெளிவாயிலும் ஒவ்வொன்று என்றால் சேர்ந்த பிழை 3 டிகிரி, அதாவது 6 சதவீதம். நீங்கள் 70 சதவீதம் என்று அறிக்கையில் எழுதும் திறன் 66 ஆகவும் இருக்கலாம், 74 ஆகவும் இருக்கலாம் என்று பொருள். அந்த இரு இடங்களிலும் ஏ வகுப்பு பிடி100 (பிளாட்டினம் மின்தடை வெப்பநிலை) உணரிகளை வைத்தால் பிழை 1 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். இரண்டுக்கும் உள்ள விலை வேறுபாடு சில ஆயிரம் ரூபாய். இதை விட்டுவிட்டுத் தரவுச் சேகரிப்புப் பெட்டிக்கு லட்சக்கணக்கில் செலவிடும் திட்டங்கள் பல உண்டு.

வெளிவாய்க் குழாயை வெப்பக்காப்புக் கம்பளியால் சுற்ற வேண்டும். குறுக்குவெட்டில் ஒரே உணரி போதாது. மூன்று அல்லது நான்கை வெவ்வேறு ஆழங்களில் வையுங்கள். சூடான டர்பைனிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் கம்ப்ரசர் கூட்டுக்கு வெப்பம் கடத்தப்படுவதால், குறைந்த வேகங்களில் திறன் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். 100 டிகிரிக் காற்றில் ஓட்டுவதன் மறைமுக நன்மை, இந்தத் தொல்லை பெருமளவு குறைந்துவிடுவதுதான்.

அழுத்தத் துளைகள் 1 மில்லிமீட்டர் அளவில், உள்விளிம்பில் பிசிறில்லாமல் இருக்க வேண்டும். துளையிட்ட பிறகு குழாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். பட்டறைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். ஒரே தளத்தில் நான்கு துளைகளை வளையக் குழாயால் இணைப்பது வழக்கம்.

அழுத்த விகிதக் கணக்கில் வளிமண்டல அழுத்தத்தை 1.013 பார் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் கடற்கரை ஊர்களுக்கு வெளியே செல்லாது. கோயம்புத்தூரில் அது ஏறத்தாழ 0.965 பார். அளவி 1 பார் காட்டும்போது உண்மையான விகிதம் 2.04, பழக்கத்தில் கணக்கிட்டால் 1.99. பெங்களூருவில் வேறுபாடு இன்னும் கூடும். ஒரு பாரமானியும் ஈரப்பதமானியும் கட்டாயம். முன்சொன்ன சென்னைக் காற்றில், நீராவியினால் மட்டுமே வாயு மாறிலி 1.5 சதவீதம் கூடிவிடுகிறது.

வேகம் அளப்பதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கம்ப்ரசர் இம்பெல்லர் அலுமினியத்தால் ஆனது; சாதாரணக் காந்தவகை உணரி அதை அறியாது. சுழல் மின்னோட்ட வகை உணரியோ, தண்டு முனையில் அடையாளமிட்டு ஒளிவகை உணரியோ வேண்டும். 6 முழு இறக்கைகளுள்ள இம்பெல்லர் நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றில் வினாடிக்கு 10,000 துடிப்புகள் தரும். உங்கள் கவுண்ட்டர் அதை எண்ணுமா என்று வாங்கும் முன் பாருங்கள்.

அளவுத்திருத்தத்துக்கு என்ஏபிஎல் (தேசிய ஆய்வக அங்கீகார வாரியம்) அங்கீகாரமுள்ள ஆய்வகத்தின் சான்றிதழ் வேண்டும். ஓட்டமானிகளுக்குப் பாலக்காட்டிலுள்ள எஃப்சிஆர்ஐ (பாய்மக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிறது. கோயம்புத்தூர்ப் பகுதியினருக்கு அது மிக அருகில். அவர்களிடம் முன்பதிவு வரிசை இருக்கும் என்பதால், தகடும் குழாயும் தயாரானதும் தேதி கேட்காமல், பட்டறைக்கு வேலை கொடுக்கும் நாளிலேயே கேளுங்கள். தகட்டை மட்டும் அனுப்பாமல் முன்பின் குழாய்த்துண்டுகளோடு சேர்த்து அனுப்புவதே முறை.

6. கொள்முதல் கோப்பு

ஏஎன்ஆர்எஃப் (அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை), ஏஆர் அண்ட் டிபி (வானூர்தி ஆராய்ச்சி, மேம்பாட்டு வாரியம்) போன்ற மத்திய அமைப்புகளின் நிதி என்றால், கொள்முதல் மத்திய அரசின் பொது நிதி விதிகளான ஜிஎஃப்ஆர் 2017இன்படி நடக்க வேண்டும். நேரடிக் கொள்முதல், கொள்முதல் குழு, வரையறுக்கப்பட்ட டெண்டர், திறந்த டெண்டர் என்ற படிகளுக்கான தொகை வரம்புகள் அண்மை ஆண்டுகளில் மாற்றப்பட்டுள்ளன. பழைய கோப்பைப் பார்த்து எழுதாமல் நடப்புச் சுற்றறிக்கையைக் கணக்குப் பிரிவிடம் கேட்டு வாங்குங்கள். அரசு நிறுவனங்கள் அரசின் மின்சந்தையான ஜெம் தளத்தில் கிடைக்காத பொருளை வெளியே வாங்க, அந்தத் தளத்திலிருந்தே கிடைப்பின்மை அறிக்கையை உருவாக்கிக் கோப்பில் இணைக்க வேண்டும். அந்த அறிக்கையில் தேதி உண்டு, அதனால் விலைப்புள்ளி கேட்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

முழு அமைப்பையும் ஒரே பொருளாக ஒரே நிறுவனத்திடம் வாங்குவதா, பகுதி பகுதியாக வாங்கி நாமே இணைப்பதா என்பது அடுத்த கேள்வி. முதலாவதில் கோப்பு எளிது. ஆனால் கல்லூரிகளுக்கு விற்கப்படும் ஆயத்த அமைப்புகள் பெரும்பாலும் மாணவர் செய்முறைக்கானவை, ஆய்வுக் கட்டுரைக்குத் தேவையான துல்லியம் அவற்றில் இருக்காது. இரண்டாவதில் வேலை கூடுதல். ஆனால் ஒரே கொள்முதலைச் சிறு துண்டுகளாக உடைத்து வரம்பைத் தவிர்த்ததாகத் தணிக்கையில் கேள்வி எழும். காற்று வழங்கல், குழாய் மற்றும் தாங்குசட்டம், கருவிகள் என்று தன்மை வேறுபட்ட மூன்று தொகுப்புகளாகத் தொடக்கத்திலேயே பிரித்து, அந்தப் பிரிவினைக்குக் காரணமும் எழுதி ஒப்புதல் வாங்கிவிட்டால் சிக்கல் இல்லை.

ஒவ்வொரு கோப்பிலும் பின்வருவன இருக்கட்டும்: நிதி ஒப்பளிப்பு ஆணையின் நகல், தொழில்நுட்ப விவரக்குறிப்பு, விலைப்புள்ளிகள், ஒப்பீட்டு அட்டவணை, குழுவின் பரிந்துரை, கொள்முதல் ஆணை. ஆணையில் சேர்க்க மறக்கக்கூடாத வரி ஒன்று உண்டு: உத்தரவாதக் காலம் பொருள் வந்த நாளிலிருந்து அல்ல, நிறுவி இயக்கிக் காட்டிய நாளிலிருந்து தொடங்க வேண்டும். ஸ்க்ரூ கம்ப்ரசர் மின் இணைப்புக்காகக் காத்திருந்தே உத்தரவாதத்தை இழப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

வரியைச் சரியாகக் கணக்கிடுங்கள். ஆராய்ச்சி நிறுவனங்களின் அறிவியல் கருவிகளுக்கு முன்பு இருந்த 5 சதவீத ஜிஎஸ்டி சலுகை 2022 ஜூலை 18 முதல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதன் பிறகு பெரும்பாலும் 18 சதவீதம் ஆனது. பழைய திட்டத்தின் மதிப்பீட்டை அப்படியே நகலெடுத்தால் இங்கே பணம் பற்றாமல் போகும். இறக்குமதிக் கருவிகளுக்குச் சுங்கச் சலுகை பெற நிறுவனத்துக்கு டிஎஸ்ஐஆர் (அறிவியல், தொழில்துறை ஆராய்ச்சித் துறை) பதிவு செல்லுபடியில் இருக்க வேண்டும். அதன் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டே ஆணை கொடுங்கள்.

செலவைப் பற்றித் தோராயமாகச் சொல்கிறேன். ஊருக்கும் ஆண்டுக்கும் ஏற்ப இவை மாறும். டர்போசார்ஜர் 15,000 முதல் 40,000 ரூபாய். மொத்தத்தில் மிகமலிவான பொருள் அதுதான். 55 கிலோவாட் ஸ்க்ரூ கம்ப்ரசர், உலர்த்தி, தொட்டி சேர்த்து 12 முதல் 18 லட்சம். குழாய், வால்வுகள், சட்டம், சூடாக்கி 4 முதல் 6 லட்சம். உணரிகளும் தரவுச் சேகரிப்பும் 5 முதல் 8 லட்சம். இறக்குமதி செய்யும் பலவழி அழுத்த ஸ்கேனர் வேண்டுமென்றால் அதற்கே தனியாக அதே அளவு ஆகும். முதல் கட்டத்தில் தேவையில்லை.

காலம்: நிதி ஒப்புதலுக்குப் பிறகு கொள்முதலுக்கு மூன்று நான்கு மாதங்கள், இறக்குமதி உணரிகளுக்கு மேலும் மூன்று நான்கு மாதங்கள், பட்டறை வேலைக்கு இரண்டு மூன்று மாதங்கள், இயக்கிச் சீர்செய்ய இரண்டு மாதங்கள். மார்ச் 31க்குள் செலவழிக்காத தொகை திரும்பிப் போகும் அல்லது முடங்கும் என்பதால், பெரிய கொள்முதல் ஆணைகளை நவம்பருக்குள் அனுப்பிவிடுவது நல்லது.

7. எண்ணெய் வழங்கல்

டர்போசார்ஜர் கெட்டுப்போவது பெரும்பாலும் எண்ணெயால்தான். 2 முதல் 4 பார் அழுத்தத்தில் வடிகட்டிய எண்ணெய் வேண்டும். வெளியேறும் எண்ணெய் நுரையோடு தானாகவே கீழிறங்குவதால், வடிகுழாய் அகலமாகவும் ஏறத்தாழச் செங்குத்தாகவும் இருக்க வேண்டும். எண்ணெய்த் தொட்டி தாங்கிக்கூட்டைவிட நன்கு தாழ்வாக இருக்க வேண்டும். வடிகுழாயைக் கிடையாகக் கொண்டுபோனால் எண்ணெய் தேங்கி, முத்திரை வளையங்களைத் தாண்டி உங்கள் அளவீட்டுக் குழாய்க்குள் வந்துவிடும். பம்புக்கு டர்பைன் காற்றோடு தொடர்பில்லாத தனி மின்வழி கொடுங்கள்.

8. பாதுகாப்பு

அவசர நிறுத்தப் பொத்தான் எதை நிறுத்த வேண்டும் என்பதில் தெளிவு வேண்டும்: டர்பைனுக்குச் செல்லும் காற்றை உடனே அடைக்க வேண்டும், எண்ணெய்ப் பம்பை நிறுத்தக்கூடாது. எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் கட்டிவிடுவது மின்பணியாளர்களின் வழக்கம். அப்படிச் செய்தால் சுழன்றுகொண்டிருக்கும் தண்டு எண்ணெயின்றித் தேயும். காற்றை அடைக்கும் வால்வு, மின்சாரம் போனால் தானே மூடிக்கொள்ளும் வகையாக இருக்கட்டும்.

எண்ணெய் அழுத்தம் குறைதல், வேகம் மீறுதல், அதிர்வு மிகுதல் ஆகிய மூன்றுக்கும் தானியங்கித் தடை வேண்டும். தயாரிப்பாளரின் கூட்டை மாற்றாதவரை அதுவே முதல் அரண். உள்ளே ஓட்டத்தைப் படமெடுக்க வேண்டும் என்று அக்ரிலிக் கூடு செய்ய நினைத்தால், அந்த அரணை நீக்கிவிட்டதை உணர்ந்து, சுழல்தளத்தைச் சுற்றி எஃகுத் தடுப்பு வைத்து, வேகத்தையும் பெரிதும் குறைத்தே ஓட்ட வேண்டும். இயக்குபவர் எந்நிலையிலும் இம்பெல்லரின் சுழல்தளத்துக்கு நேராக நிற்கக்கூடாது. கட்டுப்பாட்டு மேசை அடுத்த அறையில் இருப்பதே சரி.

9. முதல் ஓட்டம்

குழாய்களை இணைக்கும் முன் உள்ளே ஊதிச் சுத்தம் செய்யுங்கள். பற்றவைப்புத் துகள் ஒன்று போதும், இம்பெல்லர் விளிம்பு போய்விடும். சோப்பு நுரை கொண்டு கசிவு பாருங்கள். ஓட்டமானிக்கும் கம்ப்ரசருக்கும் இடையிலுள்ள சிறு கசிவுகூட வரைபடத்தை நகர்த்திவிடும். எண்ணெய் ஓடத் தொடங்கிச் சில நிமிடங்களுக்குப் பிறகே காற்றைத் திறக்க வேண்டும்.

கம்ப்ரசருக்குப் பின்னால் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் வால்வை முழுதும் திறந்த நிலையில் தொடங்கி, ஒரு வேகத்தை நிலைநிறுத்தி, வால்வைச் சிறிது சிறிதாக மூடிக்கொண்டு சர்ஜை நோக்கிச் செல்லுங்கள். வெளிவாய் வெப்பநிலை சில நிமிடங்களுக்கு அரை டிகிரிக்கு மேல் மாறாமல் இருந்தால்தான் பதிவு செய்ய வேண்டும். ஒரு வேகக்கோட்டில் ஏழெட்டுப் புள்ளிகள் என்றால் இரண்டு மணி நேரம் ஆகும். ஒரே நாளில் முழு வரைபடத்தையும் எடுக்கத் திட்டமிடாதீர்கள்.

சர்ஜ் தொடங்கும் இடம் இயந்திரத்தை மட்டுமல்லாமல் அதற்குப் பின்னாலுள்ள குழாயையும் பொறுத்தது. சர்ஜை ஆராய்ந்த கிரைட்சர் 1976இல் காட்டியபடி, கம்ப்ரசருக்கும் த்ராட்டில் வால்வுக்கும் இடையிலுள்ள கன அளவு கூடக்கூட அலைவு வன்மையாகும். வால்வை 5 மீட்டர் தள்ளி வைத்துவிட்டு, தயாரிப்பாளரின் சர்ஜ் கோட்டோடு உங்களுடையது பொருந்தவில்லை என்று குழம்ப வேண்டாம். வால்வைக் கம்ப்ரசருக்கு இயன்ற அளவு அருகில் வைத்து, அதற்கு முன்னால் விரைவாகத் திறக்கும் புறவழி வால்வு ஒன்றையும் பொருத்துங்கள். சர்ஜ் ஒலி கேட்டதும் அதைத் திறந்துவிட வேண்டும். நிலைத்த சர்ஜில் ஓட்டிக்கொண்டே இருந்தால் உந்துதாங்கி தாங்காது.

முடிவுகளைத் தயாரிப்பாளரின் வரைபடத்தோடு ஒப்பிடும்போது, அவர்கள் எந்த ஆதார வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் திருத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். டர்போசார்ஜர் தயாரிப்பாளரான காரெட்டின் வரைபடங்கள் ஏறத்தாழ 303 கெல்வின், 96 கிலோபாஸ்கல் என்ற ஆதாரத்தில் இருக்கும். சிலர் 298 கெல்வின், 100 கிலோபாஸ்கல் எடுக்கிறார்கள். விமானத் துறையினர் 288 கெல்வின், 101.3 கிலோபாஸ்கல் எடுப்பார்கள். டர்போசார்ஜர் சோதனைக்கான எஸ்ஏஇ ஜே1826, பெரிய கம்ப்ரசர்களுக்கான ஏஎஸ்எம்இ பிடிசி 10 ஆகிய இரண்டு சோதனை விதிநூல்களையும் நூலகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை மதிப்பீட்டாளர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் அவற்றிலிருந்தே வரும்.

10. கணக்கு முடிப்பு

அமைப்பு ஓடத் தொடங்கியதும் நிறுவல் அறிக்கையில் விற்பனையாளர், துறைத்தலைவர் இருவரின் கையொப்பத்தையும் வாங்கி, சொத்துப் பதிவேட்டில் பக்க எண்ணோடு பதிந்து, அந்த எண்ணை விலைப்பட்டியலின் பின்புறம் எழுதச் செய்யுங்கள். இது இல்லாமல் கணக்குப் பிரிவு கடைசித் தவணையை விடுவிக்காது. நிதியாண்டு முடிந்ததும் செலவு அறிக்கையோடு, ஜிஎஃப்ஆர் 12ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். அதில் வட்டித்தொகையைத் தனியாகக் காட்டாவிட்டால் திரும்பி வரும். அளவுத்திருத்தச் சான்றிதழ்களைப் பெரும்பாலும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருக்கும். எனவே அந்தச் செலவையும் ஸ்க்ரூ கம்ப்ரசரின் ஆண்டுப் பராமரிப்பையும் துறையின் நடப்பு வரவுசெலவில் ஒரு தலைப்பாக, திட்டக் காலம் முடிவதற்கு முன்பே சேர்க்கச் சொல்லிக் கடிதம் கொடுத்துவிடுங்கள்.